துப்பறியும் பிள்ளைகள் கதையில் எங்கே கோளாறு? ஓவியத் திருட்டு எழுதுவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மொரிசியஸில் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். அவர்களுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், என்னிடம் வந்தால் தமிழ். இவர்களைத் தமிழ் வாசிக்க உட்கார வைக்க ஒரே வழி, கதையில் எதையாவது தொலைத்துவிடுவதுதான் என்று கண்டுகொண்டேன். அப்படித்தான் ஒரு துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கினேன். போர்ட் லூயிஸில் நானே கட்டிய ஒரு கற்பனை அருங்காட்சியகம். அதில் 1920களில் வரைந்த ஒரு காவடி ஓவியம். அது காணாமல் போகிறது. தேவி, அவள் தம்பி வேலன், பக்கத்து வீட்டு ழான் மூவரும் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எந்தப் பக்கத்தில் யார் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிகளிலிருந்து பிறந்ததுதான் இந்த வழிமுறை. பிள்ளை எழுந்துபோகிற பக்கம் ஒன்று, பழுது இருக்கிற பக்கம் வேறொன்று. தகரக் கூரை ஒழுகுவது போலத்தான்: சொட்டுவது கூடத்தில், ஓட்டையோ அடுக்களைக்கு மேலே. துப்பறியும் கதையில் அநேகமாக எல்லா ஓட்டையும் திருட்டு நடந்த அந்த நாளிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. என் கதையின் திருடர் யாரென்று கீழே சொல்லிவிடுவேன். வகுப்புப் பிள்ளைகள் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரு தாளை எடுத்துத் திருடருடைய அன்றைய நாளை மணி மணியாக எழுதுங்கள். இது புத்தகத்தில் வராது, உங்களுக்கு மட்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் கதவு வழியாகப் போனார், சாவி யாருடையது, படத்தை எதில் சுற்றினார், எதில் ஏறி வீட்டுக்குப் போனார், அன்று ராத்திரி அதை எங்கே வைத்தார்.

என் முதல் பிரதியில் பகல் இரண்டிலிருந்து ஐந்து மணிவரை திருடர் எங்கே இருந்தார் என்பது எனக்கே தெரியாது. அந்த மூன்று மணி நேரத்தை மறைக்க ஆறு அத்தியாயங்களில் மழுப்பியிருந்தேன். பிள்ளைகளுக்கு மழுப்பல் உடனே தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் வீட்டில் மழுப்புவதைக் கேட்டுப் பழகியவர்கள் இல்லையா?

இந்தத் தாளை எழுதியபிறகும் கோளாறு தீரவில்லை என்றால் கீழே உள்ள அறிகுறிகளைப் பாருங்கள்.

அறிகுறி: "இவன்தானே மிஸ் திருடன்?" என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே கேட்கிறார்கள்

என் முதல் திருடன் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாக்காரன். அவன் உள்ளே வந்த இரண்டாவது வரியிலேயே ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கிவிட்டான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. கதையிலிருந்து திருட்டை எடுத்துவிடுங்கள். இப்போது அந்த ஆளுக்குக் கதையில் வர ஏதாவது வேலை இருக்கிறதா? இல்லையென்றால் அவன் திருடுவதற்காகவே வந்தவன், பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். என் சுற்றுலாக்காரனுக்கு அந்தக் கண்ணாடியைத் தவிர வேறு வேலையே இல்லை.

ஆகவே திருடருக்கு வேறு வேலை கொடுங்கள், அதுவும் திருட்டுக்கு முன்பே. இப்போதைய என் கதையில் குற்றவாளி, அருங்காட்சியகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. முதல் அத்தியாயத்தில் மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காகிதப் பையிலிருந்து கத்தோ பிமா எடுத்துக் கொடுக்கிறார். (நம்மூர் பருப்பு வடையின் தங்கைதான் அது, மிளகாய் தூக்கலாக.) வேலன் அவர் மடியிலேயே தூங்கிப்போகிறான். அந்த அக்காவைச் சந்தேகப்படப் பிள்ளைகளுக்கு மனசே வரவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண் புத்தகப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு "அவங்க இல்லைதானே மிஸ்?" என்று கேட்டபோது, பழுது நீங்கிவிட்டது என்று தெரிந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறும் உண்டு. நொண்டி நடப்பவன், அழுக்குச் சட்டைக்காரன், வெளியூர்க்காரன் என்று திருடனைத் தேடிப்பிடிப்பது. எழுதுபவருக்குச் சுலபம். படிக்கிற பிள்ளை அந்தப் பார்வையைத் தெருவுக்கும் எடுத்துக்கொண்டு போகும்.

அறிகுறி: "இதை எதுக்குத் திருடணும்?"

"கோடிக்கணக்கான ரூபாய் பெறும்" என்று எழுதி வைத்திருந்தேன். "யார் வாங்குவாங்க? அதுதான் பேப்பர்ல எல்லாம் போட்டோ வந்திருக்குமே" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. புகழ்பெற்ற படத்தைத் திருடுவதைவிட விற்பதுதான் கடினம்.

1911 ஆகஸ்ட் 21ஆம் தேதி, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனலிசாவை எடுத்துப்போன வின்சென்சோ பெருஜியா அதை இரண்டு வருடத்துக்கு மேல் தன் அறையிலேயே வைத்திருந்தார். 1913 டிசம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் கொடுக்கப்போய் அகப்பட்டார். தன் நாட்டுப் படத்தைத் தன் நாட்டுக்கே கொண்டுவந்ததாகச் சொன்னார். அவர் சொன்னதை நம்பலாமா என்பது வேறு விஷயம். ஆனால் கதை எழுதுபவருக்கு அதில் ஒரு வழி திறக்கிறது: பணத்தைத் தவிர வேறு ஆசையும் திருட வைக்கும்.

என் அக்காவுக்கு அப்படி ஓர் ஆசை. ஓவியத்தில் காவடி தூக்கி நிற்கும் மனிதர் அவருடைய தாத்தாவின் அப்பா. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த அந்த மனிதரை யாரும் புகைப்படம் எடுத்ததில்லை. குடும்பத்துக்கு அவர் முகம் என்று இருப்பது அந்த ஓவியம் ஒன்றுதான், அதுவும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய இடத்தில். அக்காவுக்கு வரையத் தெரியும். ஒரு பிரதி வரைந்து, அதைச் சுவரில் மாட்டிவிட்டு மூலத்தை எடுத்துப்போகிறார்.

காரணம் கிடைத்ததும் அளவைப் பாருங்கள். பல கதைகள் இங்கேதான் சத்தமில்லாமல் உடைகின்றன. படம் எவ்வளவு பெரியது, எதன்மேல் வரைந்தது? மோனலிசா மரப்பலகைமேல் வரைந்த படம், அதைச் சுருட்ட முடியாது. துணிமேல் வரைந்த பழைய எண்ணெய் வண்ணப் படத்தையும் பாய் மாதிரி சுருட்டினால் வண்ணம் வெடித்து உதிரும். ஆகவே திரைப்படத்தில் வருவது போல உங்கள் திருடர் கத்தியால் அறுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடினால், ஓவியத்தை நேசிப்பவராக அவரைக் காட்ட முடியாது. 2012இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் போல நுழைந்து கொள்ளையடித்தவர்கள் ஐந்து ஓவியங்களை எடுத்தார்கள். இன்னொன்றை வண்டிக்குள் நுழையவில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். எடுத்ததில் நான்கு, இரண்டொரு நாளில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போர்ட் எலிசபெத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்து பெஞ்சுக்கு அடியில் கிடைத்தன. நான் இதைக் கதையில் எழுதியிருந்தால் பிள்ளைகள் "சும்மா சொல்றீங்க" என்றிருப்பார்கள்.

என் படம் நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டர். சட்டத்தைக் கழற்றினால் பள்ளிப் பையில் போய்விடும். நாற்பதுக்கு முப்பது அளவில் ஓர் அட்டையை வெட்டி வகுப்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவர் பையிலும் நுழைத்துப் பார்த்தோம். அன்று பாடம் நடக்கவில்லை.

அறிகுறி: "சுவரில் இருப்பது போலி என்று ஒருத்தருக்குமே தெரியாதா?"

தெரியாமல் போகும். ஆனால் அதற்கான காரணத்தைக் கதைக்குள் வைக்க வேண்டும். போர்ட் லூயிஸ் கோதான் துறைமுகப் பகுதியில் இருக்கும் நீலப் பென்னி அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1847இல் வகைக்கு 500 மட்டும் அச்சிட்ட 'போஸ்ட் ஆபீஸ்' தபால்தலைகளில் ஒரு பென்னி ஒன்றும் இரண்டு பென்ஸ் ஒன்றும் அங்கே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் அசலுக்கு மணிக்குச் சில நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள், மற்ற நேரமெல்லாம் நாம் பார்ப்பது நகலைத்தான். அங்கேயே ப்ரோஸ்பேர் தெப்பினே செதுக்கிய 'போலும் விர்ஜினியும்' (இந்தத் தீவில் நடக்கும் ஒரு பிரெஞ்சு நாவலின் காதலர்கள், போல், விர்ஜினி) சிலையின் மூலமும் இருக்கிறது. கியூர்பீப் நகரில் பிள்ளைகள் ஏறி விளையாடப் பார்ப்பது அதன் நகல். ஆக, அசலும் நகலும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. என் கற்பனை அருங்காட்சியகத்திலும் காவடிப் படத்தை மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். அதற்குப்பின் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அறிகுறி: "போலீஸ் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

பிள்ளைகளைப் புத்திசாலியாகக் காட்டப் பெரியவர்களை மட்டியாக்குவதுதான் இங்கே வழக்கமான கோளாறு. இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தடவுகிறார், காவல்காரர் குறட்டை விடுகிறார். பிள்ளைகள் ஒரு பக்கம் சிரிப்பார்கள், அப்புறம் அலுத்துப்போவார்கள். மட்டிகளை முந்துவதில் என்ன பெருமை?

பெரியவர்கள் தவறுவது மட்டித்தனத்தால் இல்லை, பழக்கத்தால். மோனலிசா காணாமல் போனது ஒரு திங்கட்கிழமை, லூவருக்கு விடுமுறை. மறுநாள் சுவர் காலியாக இருந்ததைப் பார்த்தவர்கள், படம் எடுப்பதற்காகப் புகைப்படக்காரர்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்றே நினைத்தார்கள். பெருஜியா அதே லூவரில் கண்ணாடிப் பெட்டி செய்யும் வேலை பார்த்தவர், போலீஸ் அவரை விசாரிக்கவும் செய்தது. 1990 மார்ச் 18 அதிகாலை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குத் திருட வந்த இரண்டு பேர் போட்டிருந்தது போலீஸ் சீருடை, அதனால்தான் கதவு திறந்தது. போன 13 பொருள்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வெற்றுச் சட்டங்கள் இன்னமும் சுவரில் தொங்குகின்றன. 1994 பிப்ரவரி 12, நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிய நாளில், ஓஸ்லோவில் ஓர் ஏணி வைத்து ஜன்னல் வழியாக ஏறி எட்வர்ட் மூங்க் வரைந்த 'அலறல்' ஓவியத்தை எடுத்துப்போனார்கள். நாடே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது? நேரம் இருக்கிறது என்று எழுதப்போனேன். என் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். பள்ளி விட்டால் லெசோன், அதாவது டியூஷன். ஆறாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் சனி ஞாயிறும் கிடையாது. அவர்களிடம் இருப்பது வேறு. அவர்கள் முன்னால் பெரியவர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காவல்காரரைத் 'தொந்தொன்' என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு எங்கேயும் நுழைந்துவிடலாம். கண் மட்டமும் வேறு: வேலனுக்கு எட்டு வயது, படத்தின் கீழ் ஓரம் அவன் முகத்துக்கு நேராக வருகிறது. அந்தக் கீழ் ஓரத்தில்தான் என் துப்பை வைத்தேன்.

அறிகுறி: துப்பு வெளியாகும் இடத்தில் "ஓ!" வரவில்லை

அதிகம் மல்லுக்கட்டிய இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வைத்த துப்பு, அக்காவின் விரலில் ஒட்டியிருந்த வண்ணம். வண்ணம் யார் விரலிலும் ஒட்டும். அது எந்தக் கதையிலும் பொருந்தும் துப்பு, ஆகவே எந்தக் கதைக்கும் உரியதில்லை. இந்தப் பிள்ளைகளால் மட்டும், இந்தப் படத்தில் மட்டும் கண்டுபிடிக்கக்கூடியது வேண்டும். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் தன் தாத்தாவின் பழைய திருப்புகழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "மிஸ், இதுல யானை இருக்கு" என்று காட்டினான். 'துணை' என்ற சொல்லில் பழைய ணை. எழுத்துக்கு முன்னால் தனிக் கொம்பு போடாமல், எழுத்தோடு ஒட்டித் தலைக்குமேல் தும்பிக்கை போல வளைந்து நிற்கும் அந்த வடிவம்.

கதை அங்கேயே எனக்குக் கிடைத்துவிட்டது. என் ஓவியத்தின் கீழ் ஓரத்தில் ஒரு துணிப் பட்டை, அதில் 'வேலும் மயிலும் துணை' என்று எழுதியிருக்கிறது. மூலத்தில் தும்பிக்கை ணை. சுவரில் இருக்கும் பிரதியில் இன்றைய ணை. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் வரைந்த படத்தில் அந்த எழுத்து எப்படி வரும்?

எழுதிவிட்டுப் பெருமையோடு இருந்தபோது ஒரு சந்தேகம் குடைந்தது. பெரியார் தன் குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்தை 1935இலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். என் ஓவியத்துக்கு அப்போது நான் கொடுத்திருந்த வருடம் 1938. விவரம் தெரிந்த ஒரு தாத்தா என் கதையை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடலாம். ஓவியத்தை 1927க்குத் தள்ளினேன். காசு செலவில்லை, என் கையில்தானே காலம்.

இதைவிடப் பெரிய வேலையை அந்த எழுத்து தானாகவே செய்துகொடுத்தது. தமிழ் தெரியாத ஒருவர் படத்தைப் பிரதி எடுத்தால் என்ன செய்வார்? எழுத்து அவருக்கு வெறும் கோடு. தும்பிக்கையையும் தும்பிக்கையாகவே வரைந்துவிடுவார். தப்பு வரவே வராது. தப்பு செய்தவர் அந்தச் சொல்லை வாசித்தவர். கண் 'துணை' என்று வாசித்தது, கை தான் பள்ளியில் பழகிய துணையை எழுதிவிட்டது. ஆக, சட்டம் போடும் பிரெஞ்சு மாமா இல்லை, படத்தை விலைக்குக் கேட்ட சேகரிப்பாளர் இல்லை. தமிழ் தெரிந்த இன்னொருவர் உண்டு, அருங்காட்சியகத்துக்குத் தினமும் வரும் எண்பது வயதுத் தாத்தா. ஆனால் அவர் கை இன்னும் தும்பிக்கைதான் போடும். மிஞ்சுவது, தமிழ் படித்த, அதுவும் புது எழுத்தில் படித்த ஒருவர். ஒரே எழுத்து நான்கு பேரில் மூன்று பேரைக் கழித்துவிட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தும் முதல் வாசிப்பில் "ஓ!" வரவில்லை. மூன்று பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பழுது எங்கே என்று பின்னோக்கிப் போனால், நான் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கடைசியில் தேவி வாயால் இரண்டு பக்கம் பாடம் நடத்தியிருந்தேன். வாசகருக்கு முன்பே தெரியாத ஒன்றைக் கடைசியில் சொல்லி வியக்க வைக்க முடியாது. தெரிந்ததைத்தான் திருப்பிக் காட்ட வேண்டும்.

சரிசெய்தது இப்படி. முதல் அத்தியாயத்தில் தாத்தா வேலனைப் பழைய புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொல்கிறார். அவன் யானை எழுத்தில் தடுக்கி விழுகிறான், வீடே சிரிக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் ழான் அருங்காட்சியகக் கடையில் காவடிப் படத்தின் அஞ்சலட்டை வாங்குகிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, "உங்க எழுத்துல யானை எல்லாம் இருக்குமா?" என்று கேட்கிறான். அப்போதும் எல்லாரும் சிரிக்கிறார்கள். பதினோராம் அத்தியாயத்தில் வேலன் சுவரில் இருக்கும் படத்தை, பட்டையில் எழுதியிருப்பதை, தடுக்காமல் வாசித்துவிடுகிறான். தேவி "பரவாயில்லையே" என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த வரியை நான் வாசிப்பதற்கு முன்பே வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று "யானை எங்கே?" என்று கத்தினான்.

பழைய படத்தோடு ஒப்பிடுவது கதைக்காகக் கட்டிய வித்தை இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன சோழர் கால நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படங்கள்தான் அது அதே நடராசர் என்று காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. எவ்வளவு பெரிய கலைக்கூடம், எவ்வளவு காகிதங்கள்! எல்லாவற்றையும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தோற்கடித்தது.

துப்புக்கு இன்னொரு இடமும் யோசித்து வைத்திருக்கிறேன், அடுத்த கதைக்கு. மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1998இல் வந்த நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி ஏறிவிட்டது. தமிழர்கள் எதிர்த்ததால் அவை திரும்பப் பெறப்பட்டன, மறு வருடம் பழைய வரிசையில் புதிதாக வந்தன. பழைய சட்டத்தின் பின்னால் ஒளித்த உறையில் அந்த நோட்டு ஒன்று இருந்தால், உறை எப்போது வைக்கப்பட்டது என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடலாம்.

அறிகுறி: ஊர் பொய்யாக இருக்கிறது

நான் படித்த தமிழ்க் கதைகளெல்லாம் தமிழ்நாட்டு வெயிலில் நடந்தவை. அந்த வெயிலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன். தைப்பூசத்தன்று நடுப்பகலில் காவடிக்காரரின் நிழல் நீளமாக விழுவதாக எழுதினேன். ஒரு பெண் பிள்ளை, "காவடி அன்னைக்கு நிழலே இருக்காது மிஸ், தார் ரோடு கால் சுடும்" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தீவு தெற்கே 20 பாகையில் இருக்கிறது. தை மாதத்தில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வருகிறது, நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். சென்னையில் அதே நாளில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். இங்கே ஜூன், ஜூலையில் எதிர்மாறு: சூரியன் வடக்கே, நிழல் தெற்கே. நிழலை வைத்துத் துப்பு எழுதுபவர்கள் தயவுசெய்து ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டும் நேரமும் அப்படித்தான். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், ஜனவரியில் ஏழு மணி நெருங்கும். "ஆறரை மணிக்கு ஜன்னல் வழியாக முகத்தைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொன்னால் எந்த மாதம் என்பது முக்கியம்.

ஊர் தெரிந்தால் அதுவே கதைக்கு உதவிக்கு வரும். எனக்கு உதவியது புயல். இங்கே புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை. மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் பேருந்து நின்றுவிடும், கடை மூடும், எல்லாரும் வீட்டுக்குள். என் திருட்டு நடப்பது அப்படி ஒரு நாளில். மத்தியானம் ஒரு மணிக்கு மூன்றாம் எச்சரிக்கை. அக்கா எல்லாரையும் அனுப்பிவிட்டு, சாவியோடு பின்தங்குகிறார். நான் தொலைத்திருந்த அந்த இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி இங்கேதான் கிடைத்தது. பிறகு விசாரணையில், "நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்" என்கிறார். சாதாரண நாளாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் ழானின் அப்பா பஸ் டிரைவர். அன்று நாலு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு டொமினோ ஆடிக்கொண்டிருந்தார். மழை அடிக்கும்போது திண்ணையில் எப்படி ஆடுவார் என்று வாசித்த அன்றே கேட்டுவிட்டார்கள். இப்போது கூடத்தில் ஆடுகிறார்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

நடுவில் தொய்கிறதா? எண்ணிப் பாருங்கள், பிள்ளைகள் வரிசையாக எத்தனை பேரிடம் கேள்வி கேட்கிறார்கள்? இரண்டுக்கு மேல் போனால் ஒருவரை எடுத்துவிட்டு, அவர் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளே ஒளிந்திருந்து கேட்கும்படி மாற்றுங்கள். அல்லது பிள்ளைகள் தப்பான ஆளைப் பிடித்துத் திட்டு வாங்கட்டும். என் பிள்ளைகள் சட்டம் போடும் மாமாவின் கடைக்குள் நுழைந்து, புதுப் பசையில் கை வைத்து, அதை வீடு வரைக்கும் கொண்டுபோனார்கள்.

பிள்ளைகள் வாத்தியார் மாதிரி பேசுகிறார்களா? இது எனக்குத் தொழில்நோய். இவர்கள் தங்களுக்குள் கிரியோலில் பேசுபவர்கள். அதை அப்படியே எழுதினால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புரியாது, முழுக்கத் தமிழாக்கினால் இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தன் குரல் கேட்காது. எளிய தமிழில் எழுதி, கூப்பிடும் சொல், சாப்பிடும் சொல், பதறும் சொல் மூன்றையும் மட்டும் கிரியோலில் விட்டேன். பதறும் சொல் 'அயோ!', நம் ஐயோவின் பக்கத்து வீடு. முருங்கைக்கீரை 'ப்ரேத் முரூம்', நம் ரசம் 'ரசோன்'. அயல்மொழி என்று நினைத்து எட்டிப்பார்த்தால் உள்ளே நம் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

ஆபத்தே இல்லையா, அல்லது அம்மாக்கள் பயப்படும் அளவுக்கு ஆபத்தா? துப்பாக்கியை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு வயதில் பெரிய ஆபத்து, நம்பிய ஒருவர் பொய் சொன்னார் என்று தெரிவதுதான். அதற்கு அடுத்தது லெசோனுக்குப் போகாதது வீட்டுக்குத் தெரிவது.

அறிகுறி: கடைசியில் திருடர் பேசிக்கொண்டே இருக்கிறார்

அக்கா நான்கு பக்கம் பேசினார். ஏன் எடுத்தேன், எப்படி எடுத்தேன், எவ்வளவு வருத்தம். திருடர் நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது என்றால், பிள்ளைகள் ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்க்கத் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்க்க வையுங்கள். விளக்கம் தானாகச் சுருங்கும்.

பிள்ளைகள் அக்காவின் வீட்டுக்குப் போகிறார்கள். கூடத்தில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை, அலமாரியில் இல்லை. தண்ணீர் கேட்ட வேலன் பூசை அறையைத் தாண்டிப் போகிறான். அங்கே முருகன் படம், அம்மன் படம், நடுவில் காவடிக்காரர். சந்தனப் பொட்டு, மல்லிகைச் சரம், கண்ணாடியில் கற்பூரப் புகை. பட்டையில் யானை.

நான்கு பக்கம் பதினோரு வரியானது. வாசித்து முடித்ததும் வகுப்பில் யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின் வரிசையில் எப்போதும் பேசாத ஒரு சின்னப் பெண், "படத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டா, இனிமே அதுக்கு யார் மிஸ் பூ வைப்பாங்க?" என்று கேட்டாள். பதில் எழுதிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. கேள்வியை மட்டும் வேலனுக்குக் கொடுத்துவிட்டேன்.